ஏழு பிக்அப்பும் ஒரு மல்டிமீட்டரும்

இரண்டு கிட்டாரை ஒரே நேரத்தில் பிரித்துப் போட்டதுதான் நான் செய்த முதல் தப்பு. ஒன்றின் பாடிக்குப் புது பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது, இன்னொன்றில் உள்ளே இருந்த ஒயரிங் முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்த வேலை ஏழு மாதம் இழுத்துவிட்டது. தந்தியின் அசைவை மின் சிக்னலாக மாற்றுகிற பிக்அப்களைக் கழற்றி, ஒரே காயில் (கம்பிச் சுருள்) உள்ள மூன்று சிங்கிள் காயிலையும் இரண்டு காயில் சேர்ந்த இரண்டு ஹம்பக்கரையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்தேன். அந்த டப்பாவில் ஏற்கெனவே எப்போதோ எதிலிருந்தோ கழற்றிய இரண்டு பிக்அப் கிடந்தன. ஆக மொத்தம் ஏழு. எதிலும் ஒரு துண்டுச் சீட்டுகூட ஒட்டவில்லை. கழற்றும்போது எல்லாம் ஞாபகம் இருக்கும் என்றுதான் தோன்றும். இருக்காது.

ஏழு மாதம் கழித்து டப்பாவைத் திறந்தபோது எது நெக் (கழுத்துப் பக்கம் வருவது), எது பிரிட்ஜ் (தந்தியின் அடிமுனைப் பக்கம் வருவது), எது எந்தக் கிட்டாருடையது என்று ஒன்றும் புரியவில்லை. சரி, ஹம்பக்கரில் நாலு ஒயர் வருகிறதே, கலரைப் பார்த்து மாட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சீமோர் டங்கன் என்ற பிக்அப் கம்பெனியின் கலர் வரிசை எனக்கு மனப்பாடம்: கருப்பு ஹாட் (சிக்னல் வெளியே போகிற ஒயர்), வெள்ளையும் சிவப்பும் ஒன்றாகச் சேர வேண்டும், பச்சையும் மூடாத வெறும் கம்பியும் கிரவுண்டுக்கு. அதே கலர்கள்தான் இதிலும் இருந்தன. அப்படியே பற்றவைத்து, மூடி, தந்தி கட்டி, ஆம்பில் செருகினேன்.

தகர டப்பாவைத் தட்டினது போல ஒரு சத்தம். பிரிட்ஜ் ஹம்பக்கர் என்றால் நெஞ்சில் வந்து இடிக்க வேண்டாமா, இது மூக்கடைத்தவன் பேசுகிற மாதிரி இருந்தது. போதாக்குறைக்கு இரைச்சல் வேறு. ஹம் என்கிற மின் இரைச்சல் வராமல் இருக்கத்தானே ஹம்பக்கர்?

கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரில் செருகி மறுமுனையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 13.3 கிலோ ஓம். அது சரியான அளவுதான். அதனால் பிக்அப் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வால்யூம் பாட்டை (குமிழுக்குக் கீழே இருக்கிற பொட்டென்ஷியோமீட்டர்) மாற்றினேன், கெப்பாசிட்டரை மாற்றினேன், ஜாக்கைக் கழற்றிச் சுரண்டி மறுபடி மாட்டினேன். இரண்டு மாலை இப்படியே போயிற்று.

காரணம் தெரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அது டிமார்சியோ என்ற இன்னொரு கம்பெனியின் கலர் வரிசை. அதில் சிவப்புதான் ஹாட், கருப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேர வேண்டும், பச்சை கிரவுண்டுக்கு. நான் டங்கன் கணக்கில் சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்ததால் இரண்டு காயிலில் ஒன்று தலைகீழாகிவிட்டது. ஒரு காயிலின் சிக்னலை மற்றது அடித்துப் போடுகிறது, அதனால் சத்தம் மெலிகிறது. ஒன்றையொன்று அடித்துப் போட வேண்டிய ஹம் இப்போது கூட்டிக்கொள்கிறது, அதனால் இரைச்சல். ஆனால் மீட்டருக்கு இது எதுவும் தெரியாது. ஒரு காயிலைத் திருப்பிச் சேர்த்தாலும் இரண்டின் ரெசிஸ்டன்ஸும் கூடி அதே எண்தான் வரும். கம்பி அறுந்துபோகவில்லை என்று மட்டும்தான் ஓம் அளவு சொல்கிறது.

அன்றிலிருந்து எந்தப் பிக்அப்பையும் மேசை மேலேயே சோதித்துப் பார்க்காமல் கிட்டாருக்குள் விடுவதில்லை. அந்த ஏழையும் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதில் கற்றுக்கொண்டதும் சொதப்பியதும்தான் கீழே.

முதலில் வெறும் கண்ணால் பார்ப்பது. போல் பீஸ் (ஒவ்வொரு தந்திக்கும் கீழே நிற்கிற காந்த உருளை அல்லது ஸ்க்ரூ, சுருக்கமாகப் போல்) இடைவெளியை ஸ்கேலால் அளந்தால் கொஞ்சம் துப்பு கிடைக்கும். முதல் தந்தியின் போலுக்கு நடுவிலிருந்து ஆறாவது தந்தியின் போலுக்கு நடு வரை அளக்க வேண்டும். பிரிட்ஜ் பக்கம் போகப் போகத் தந்திகள் விலகும் என்பதால், ஜோடியாக விற்கிற பிக்அப்களில் அகலமானது பெரும்பாலும் பிரிட்ஜுக்கானது. ஹம்பக்கரில் 49, 50 மில்லிமீட்டர் ஒரு வகை, 52-ஐ ஒட்டியது இன்னொரு வகை. பின்பக்கத்தில் ஸ்டிக்கர் இருந்தால் படித்துப் பாருங்கள், ஆனால் கோயில் கல்வெட்டு மாதிரி நம்பிவிடாதீர்கள். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் ஹம்பக்கருக்கு 1955-ல் பேட்டண்டுக்கு விண்ணப்பித்தார், 1959-ல் கிடைத்தது, எண் 2,896,491. ஆனால் பிறகு கிப்சன் தன் பிக்அப்களில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருந்த எண் 2,737,842. அது லெஸ் பால் வாங்கிய டெயில்பீஸ் பேட்டண்டின் எண்! கம்பெனி ஸ்டிக்கரே இப்படி என்றால், கைமாறிக் கைமாறி வந்த பிக்அப்பில் யாரோ பேனாவால் எழுதி வைத்ததை என்னவென்று நம்புவது?

அப்புறம் மீட்டர். 20 கிலோ ஓம் ரேஞ்சில் வைத்து இரண்டு ஒயரிலும் முனைகளை வைத்தால் போதும். ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்) வகை சிங்கிள் காயில் என்றால் ஐந்தரையிலிருந்து ஆறரை கிலோ ஓம் வரை எதிர்பார்க்கலாம். பழைய பாணி ஹம்பக்கர் ஏழரையிலிருந்து எட்டரை. பி-90 என்ற அகலமான சிங்கிள் காயில் வகை பெரும்பாலும் ஏழிலிருந்து ஒன்பதுக்குள். அதிக அவுட்புட் என்று விற்கிற செராமிக் காந்த ஹம்பக்கர்கள் பதின்மூன்று, பதினாறு என்று போகும். இருபதைத் தாண்டுகிற பிக்அப்பும் உண்டு. அதை 20 ரேஞ்சில் வைத்தால் மீட்டர் எல்லை தாண்டிவிட்டது என்றுதான் காட்டும், நாம் காயில் செத்துப்போச்சு என்று முடிவுகட்டிவிடுவோம். 200 ரேஞ்சுக்கு மாற்றிப் பார்த்துவிட்டு அழலாம்.

எண் பெரிதாக இருந்தால் சத்தமும் பெரிது என்று நினைப்பவர்கள் நிறைய. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மெல்லிய கம்பியில் குறைந்த சுற்று சுற்றினாலும் ரெசிஸ்டன்ஸ் ஏறும். காந்தம் என்ன, எத்தனை சுற்று என்பதையெல்லாம் சேர்த்துத்தான் சத்தம். அதனால் அந்த எண்ணை ஓர் அடையாளமாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. ஒரே செட்டைச் சேர்ந்த இரண்டில் எது அதிகமோ அது பெரும்பாலும் பிரிட்ஜ், ஏனென்றால் அங்கே தந்தியின் அசைவு குறைவு, அதை ஈடுகட்டக் கூடுதலாகச் சுற்றுவார்கள்.

வெப்பமும் இதில் விளையாடும். செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரி செல்சியஸுக்குக் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் ஏறுகிறது. பத்து டிகிரி ஏறினால் 8.0 என்று காட்டியது 8.3 ஆகிவிடும். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு அளந்தாலே கடைசி இலக்கம் மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்க்கலாம். போன வருடம் 7.9 என்று எழுதி வைத்தது இப்போது 8.1 காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது என் கைவிரல் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். சிங்கிள் காயில் மூன்றில் ஒன்று 20 ரேஞ்சில் ஒன்றுமே காட்டவில்லை. ரேஞ்சை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு மெகா ஓமுக்குப் பக்கத்தில் ஏதோ எண் வந்தது, அதுவும் நிலையாக இல்லை, ஆடிக்கொண்டே இருந்தது. பாதி உயிர் இருக்கிறது போல என்று நினைத்தேன். ஒயரை மீட்டர் முனையோடு சேர்த்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தேன். மீட்டர் அளந்தது என் உடம்பை! முதலைவாய்க் கிளிப் போட்டுக் கையை எடுத்ததும் எண் மறைந்தது. காயில் முழுக்க அறுந்திருந்தது.

அதைத் தூக்கிப் போட மனசில்லை. கவரைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பிக்அப்பில் சுற்றுகிற 42 கேஜ் கம்பி சுமார் 0.063 மில்லிமீட்டர் தடிமன், தலைமுடி மாதிரிதான் இருக்கும். இப்படிப்பட்ட காயிலில் இரண்டு முனைகள்: ஒன்று உள்ளே, காந்தத்தை ஒட்டி ஆரம்பிப்பது, இன்னொன்று வெளியே முடிவது. இரண்டும் அடித்தட்டில் இருக்கிற சின்ன ஐலெட்டில் (உலோக வளையம்) பற்றவைக்கப்பட்டிருக்கும். என் நல்ல நேரம், வெளி முனைதான் ஐலெட்டுக்குப் பக்கத்தில் அறுந்து ஒரு சுருளாக நின்றது. ஒரே ஒரு சுற்றைப் பிரித்து, முனையில் இருந்த எனாமலை மிக மெல்லிய உப்புத்தாளால் ஒரே ஒரு இழுப்பு இழுத்து, ஈயம் பூசி, ஐலெட்டில் சேர்த்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிற வேலை, இரண்டு தடவை அறுந்தது, மூன்றாவது தடவை நின்றது. 5.9 கிலோ ஓம். ஏழாயிரம் எண்ணாயிரம் சுற்றில் மூன்று சுற்று போனால் காதுக்கு ஒன்றும் தெரியாது. உள்முனை அறுந்திருந்தால் முழுக்க மறுபடி சுற்றுவதைத் தவிர வழியில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய பாணி சிங்கிள் காயிலில் கம்பியை நேராகக் காந்த உருளைகள் மேலேயே சுற்றியிருப்பார்கள், நடுவில் பிளாஸ்டிக் பாபின் (கம்பி சுற்றுகிற சட்டம்) கிடையாது. ஒரு போல் உயரமாக இருக்கிறதே என்று கட்டைவிரலால் அழுத்தி இறக்கினால் உள்சுற்றுகளை அது அப்படியே உரசி அறுத்துவிடும். வருடங்களுக்கு முன் நான் ஒன்றை அப்படிக் கொன்றிருக்கிறேன். போல் திருகக்கூடிய ஸ்க்ரூவாக இருந்தால் திருகலாம், காந்த உருளை என்றால் கை வைக்கவே வேண்டாம்.

நாலு ஒயர் ஹம்பக்கருக்கு வருவோம். கலரை மறந்துவிட்டு ஜோடியைத் தேட வேண்டும். ஒரு ஒயரில் மீட்டரின் ஒரு முனையை வைத்து மற்ற மூன்றிலும் மாற்றி மாற்றித் தொட்டால் ஒன்றில் மட்டும் எண் வரும், அது ஒரு காயில். மீதி இரண்டு இன்னொரு காயில். டங்கனில் கருப்பும் வெள்ளையும் ஒரு ஜோடி, சிவப்பும் பச்சையும் ஒரு ஜோடி. டிமார்சியோவில் சிவப்பும் கருப்பும் ஜோடி, பச்சையும் வெள்ளையும் ஜோடி. என்னுடையதில் சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவில் 6.8 காட்டியது. மாட்டுவதற்கு முன்னால் இந்த ஒரே ஒரு அளவை எடுத்திருந்தால் அந்த இரண்டு மாலையும் மிச்சம். வேறு கம்பெனிகளின் வரிசை வேறு மாதிரி இருக்கும். ஜோடி கண்டுபிடிக்கத் தெரிந்தால் எந்தக் கம்பெனி என்பதே தேவைப்படாது. கையோடு, நாலு ஒயரில் எதற்கும் அடித்தகட்டுக்கும் தொடர்பு இல்லையா என்றும், வெறும் கம்பிக்கும் அடித்தகட்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். காயில் எங்காவது தகட்டில் உரசிக்கொண்டிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

ஜோடி தெரிந்தாயிற்று. எந்த முனை ஹாட், எது கிரவுண்ட்? இதற்குத்தான் ஸ்க்ரூடிரைவர். இது எனக்குத் தெரிந்தபோது ஏதோ மாயவித்தை மாதிரி இருந்தது, உண்மையில் பள்ளிக்கூடத்தில் படித்த ஃபாரடே சமாச்சாரம்தான். மீட்டரைக் காயிலில் கிளிப் போட்டு எண் நிலைத்து நிற்கட்டும். ஒரு தடியான இரும்பு ஸ்க்ரூடிரைவரைப் போல்கள் மேல் மெதுவாக வைத்துக் கொஞ்சம் பொறுத்து, சடக்கென்று மேலே பிடுங்க வேண்டும். பிடுங்குகிற அந்தக் கணத்தில் எண் ஒரு குதி குதிக்கும், மேலேயோ கீழேயோ. இரும்பு விலகும்போது காயில் வழியே போகிற காந்தப் பாயம் மாறி ஒரு சின்ன வோல்ட்டேஜ் பிறக்கிறது, அது மீட்டர் அனுப்புகிற மின்னோட்டத்தோடு கூடுகிறது அல்லது அதிலிருந்து கழிகிறது. வைக்கும்போது ஒரு பக்கம், எடுக்கும்போது எதிர்ப்பக்கம் போகும் என்பதால் எடுக்கும்போது மட்டும் பார்ப்பது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. முள் ஆடுகிற பழைய அனலாக் மீட்டர் இதற்கு ராஜா. டிஜிட்டலில் ஆட்டோ ரேஞ்சை நிறுத்திவிட வேண்டும், சில நேரம் குதியைத் தவறவிடும், நாலைந்து தடவை செய்து பாருங்கள். ரெசிஸ்டன்ஸில் குழப்பமாக இருந்தால் 200 மில்லிவோல்ட் டிசியில் வைத்தால் மைனஸ் குறி வருகிறதா இல்லையா என்று தெளிவாகத் தெரியும். நுனி காந்தமான ஸ்க்ரூடிரைவர் இந்த வேலைக்கு ஆகாது, அது தன் காந்தத்தையும் கலந்துவிடும்.

ஹம்பக்கரின் இரண்டு காயிலையும் இப்படித் தனித்தனியாகப் பார்த்து, எண் மேலே குதிக்கிற மாதிரி மீட்டரை வைத்தபோது சிவப்பு முனை எந்த ஒயரில் இருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதுவே அந்தக் காயிலின் பிளஸ். ஒரு காயிலின் மைனஸை இன்னொன்றின் பிளஸோடு சேர்த்தால் சீரீஸ் சரி. சேர்த்த பிறகு மிஞ்சிய இரண்டு முனையில் மீட்டரைப் போட்டு, முதலில் ஸ்க்ரூ பக்கம், பிறகு மற்றப் பக்கம் தட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே திசையில் குதித்தால் வேலை முடிந்தது. எதிரெதிராகக் குதித்தால் என் தகர டப்பாதான்.

கிட்டாரில் போகப்போகிற எல்லாப் பிக்அப்பும் இந்தச் சோதனையில் ஒரே திசையைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் எதிராக இருந்தால் அதன் இரண்டு ஒயரையும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் எல்லாவற்றிலும் முடியாது. டெலிகாஸ்டர் கிட்டாரின் நெக் பிக்அப் மாதிரி உலோகக் கவர் ஒரு ஒயரோடு சேர்க்கப்பட்டிருந்தால், முதலில் அந்தச் சின்ன இணைப்பை வெட்டிக் கவருக்குத் தனி கிரவுண்ட் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கவர் ஹாட் ஆகிவிடும், கை பட்டால் கத்தும்.

காந்தத்தின் துருவம் வேறு விஷயம், அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று பிக்அப்பும் ஒரே மாதிரிதான், ஸ்விட்சுக்கே மூன்று நிலைதான். இப்போது பல செட்டுகளில் நடுப் பிக்அப்பின் காந்தத்தையும் திருப்பி, சுற்றையும் திருப்பியிருப்பார்கள். இரண்டும் திரும்புவதால் தந்தியின் சிக்னல் பழையபடியே வரும், சுற்று மட்டும் எதிர் என்பதால், ஐந்து நிலை ஸ்விட்சில் இரண்டு பிக்அப் சேர்ந்து ஒலிக்கிற இரண்டாவது, நாலாவது நிலைகளில் ஹம் போய்விடும். ஆக, ஸ்க்ரூடிரைவர் சோதனையில் மூன்றும் ஒன்று, துருவத்தில் நடுவில் உள்ளது மட்டும் எதிர். என் மூன்றில் நடு எது என்று இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

துருவம் பார்க்கத் திசைகாட்டி போதும். போலின் மேல்பக்கம் எந்த முனையை இழுக்கிறதோ, போல் அதற்கு எதிர்த்துருவம். நான் செய்த கூத்து, செராமிக் ஹம்பக்கர் மேல் திசைகாட்டியை அப்படியே வைத்துவிட்டேன். அடுத்த பிக்அப்பைப் பார்க்கும்போது விடைகள் முன்னுக்குப் பின் முரணாக வந்தன. கடைசியில் பார்த்தால் மேசையில் தனியாக வைத்தபோதே முள் தெற்கை வடக்கு என்று காட்டியது! பலமான காந்தம் முள்ளையே திருப்பிக் காந்தமாக்கிவிட்டது. சில சென்டிமீட்டர் தள்ளியே பிடியுங்கள். திசைகாட்டி இல்லாவிட்டால் இரண்டு பிக்அப்பை நேருக்கு நேர் நெருக்கினால் போதும். இழுத்தால் எதிர்த்துருவம், தள்ளினால் ஒரே துருவம். தள்ளுகிறதை வம்புக்கு அழுத்தி வைக்காதீர்கள், அல்நிகோ காந்தம் பலம் குறையக்கூடும்.

பேட்டரியில் ஓடுகிற ஆக்டிவ் பிக்அப்புக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. இஎம்ஜி மாதிரி உள்ளேயே ப்ரீஆம்ப் இருப்பதில் ஓம் அளந்து பயனில்லை. 9 வோல்ட் கொடுத்து ஆம்பில் கேட்பதுதான் சோதனை.

சாதாரணப் பிக்அப்பையும் கடைசியாக ஆம்பில் ஒரு தடவை கேட்டுவிடுவேன். கேபிள் நுனியில் இரண்டு கிளிப், ஆம்ப் வால்யூம் மிகக் குறைவாக. ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு போலையும் லேசாகத் தொட்டால் டொக் என்று வர வேண்டும். இரும்பு ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டி மேலே பிடித்தால் அந்தச் சுரமே ஸ்பீக்கரில் வரும், அலுமினிய ஃபோர்க் என்றால் வராது. அப்புறம் பிக்அப்புக்கு வாயைக் கொண்டுபோய்ப் பேசிப் பாருங்கள். மைக் மாதிரி உங்கள் குரல் தெளிவாகக் கேட்டால் உள்ளே கம்பி தளர்ந்திருக்கிறது, டிஸ்டார்ஷனில் கீச்சிடும். மெழுகில் முக்கி எடுத்தால் சரியாகும், ஆனால் அடுப்பில் நேரடியாக வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 65 டிகிரி அளவில். அதற்கு மேல் போனால் பாபின் நெளிந்துவிடும்.

இவ்வளவும் முடிந்ததும் ஒவ்வொன்றின் ஒயரிலும் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி நாலு விஷயம் எழுதினேன்: ஓம், குதித்த திசையும் பிளஸ் ஒயரும், மேல் துருவம், எந்த இடம். பற்றவைத்த பிறகு, மூடுவதற்கு முன்னால், தந்தி கட்டுவதற்கும் முன்னால், கேபிள் முனையில் மறுபடி அளந்தேன். வால்யூம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டைத்தான் அளப்பீர்கள். 500 கிலோ ஓம் பாட் குறுக்கே இருப்பதால் மேசையில் 13.7 காட்டியது இங்கே 13.3 காட்டும், அது சரிதான். இரண்டு ஆறு கிலோ ஓம் சிங்கிள் காயில் சேர்ந்த நிலையில் மூன்றுக்குப் பக்கம் வரும். அதே நிலையில் ஸ்க்ரூடிரைவரால் இரண்டையும் தட்டி ஒரே திசையா என்றும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பிக்கார்டை (முன்பக்க மூடித் தகடு) மூடினேன்.

இரண்டு கிட்டாரும் இப்போது சுவரில் தொங்குகின்றன. டப்பாவில் மிஞ்சிய இரண்டில் ஒன்று நல்ல பி-90 என்று தெரிந்துபோயிற்று. இன்னொன்றின் டேப்பில் "4.1, மேலே குதிக்கிறது, தெற்கு, எதிலிருந்து வந்தது?" என்று எழுதி வைத்திருக்கிறேன்.